நனையாம போய் எறங்கணும்

கதவைச் சாத்திட்டீங்களா தம்பி? அப்பக் கெளம்புங்க. அந்த மேனேஜரம்மா வாசல்ல நின்னு கையாட்டுவாங்க, அதுக்கெல்லாம் வண்டியை நிறுத்த வேண்டாம். கையாட்டறதுல ஒண்ணும் கொறைச்சல் இல்லைங்க இந்த முதியோர் ஹோமுல. நேரா மெயின் ரோட்டப் புடிங்க. பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், அப்பறம் கரூர். கரூர் தாண்டிக் கொஞ்ச தூரம்னாங்க புது ஹோமுக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துருங்கன்னும் சொல்லியிருக்காங்க.

கண்ணாடியில அம்மா தெரியுதுங்களா? சாஞ்சு உக்காந்திருக்குதுல்ல? இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆபரேசன் பண்ணின ஒடம்பு. வேகத்தடை வந்தா மெதுவா ஏத்தி எறக்குங்க. நான் சென்னியப்பன். கோபியில பம்பு செட்டுக் கடை வெச்சிருக்கேன். உங்க பேரு என்னன்னீங்க? தமிழரசா. நல்லதுங்க.

என்னம்மா?

ஒண்ணுமில்லை தம்பி, நீங்க ஓட்டுங்க. ஒண்ணுக்கு வருதுங்குது. கேட்டைத் தாண்டி இன்னும் கியரு கூட மாத்தலை, அதுக்குள்ள. செத்த நேரம் இரும்மா. இப்பத்தானே ஏறினே.

கெளம்பறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாம், அது நாயந்தான். ஆனா பாருங்க, பொம்பளை ஆளு சாந்தாமணி இன்னைக்கு லேட்டாத்தான் வரும்னாங்க. ஆம்பளை ஆளுக ரெண்டு பேரு பக்கத்துலயே சும்மா நின்னாங்க. 'நாங்க கூட்டிட்டுப் போறோம் சார்'னாங்க. வேண்டாம்னுட்டேன். சேரோட தூக்கி வண்டிக் கதவுகிட்ட வைங்க, அம்மாவே நகந்து சீட்டுல ஏறிக்கும், அதோட உங்க வேலை முடிஞ்சுதுன்னுட்டேன். எங்கம்மாவை எந்த ஆம்பளையும் தொடக்கூடாதுங்க. ஹோமுல சேக்கும்போதே நான் போட்ட ஒரே கண்டிசன் அதுதான்.

ஒரு விசயம் சொல்றேன், சிரிக்காதீங்க. ரெண்டு வாரமா எங்கம்மா எங்கூடப் பேசறதில்லை. போன் பண்ணினா வாங்காது. வந்து நின்னா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கும். இன்னைக்குக் காலையிலதான் வாயத் தொறந்துச்சு. என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'சென்னி, அங்க நான் நனையாம போய் எறங்கணும்டா. மொத நாளே நனைஞ்சு போய் நின்னா, இவ நனைக்கிறவன்னு பேர் வெச்சுருவாங்க. அப்பறம் ஒருத்தியும் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டா. கட்டிவிட்டுட்டுப் போயிருவாளுக'ன்னுச்சு. அதுக்காவ, விடியக்காலையில பேம்பர்ஸ் போட வந்த ராத்திரி ஆயா கையையும் தட்டி விட்டுருச்சு. புதுச் சீலை, ஒண்ணும் போட்டுக்கலை உள்ள. எதுக்கும் இருக்கட்டும்னு சீட்டு மேல ரப்பர் சீட்டு விரிச்சு வெச்சேன், உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. அதைப் பாத்ததுல அதுக்கு இன்னும் கோவம்.

அம்மா சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்குதுன்னு வைங்க. இந்த ஹோமுக்கு வந்த அன்னைக்கு அப்படித்தான் ஆச்சு. கோபியில ஏறினதுதான், நான் எங்கயும் நிறுத்தலை. ஆபரேசன் பண்ணின இடுப்பு, எறக்கி ஏத்தறது ஆகாதுல்ல? வழியெல்லாம் சொல்லிக்கிட்டேதான் வந்துச்சு. வாசல்ல எறங்கறப்ப சீலை பூரா நனைஞ்சு போச்சு. மேனேஜரம்மா பாத்தாங்க, ஆயாகிட்டத் திரும்பி 'டயப்பர் கேஸ்'னாங்க. அவ்வளவுதான். எங்கம்மாவுக்கு அதுதான் பேரு. தெய்வாத்தான்னு ஒரு பேரு இருக்குதுன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

டயப்பர் கேஸாமா! எனக்கு வயிறு எரியுதுங்க. எங்கம்மா அடக்கறதுல எவ்வளவு கெட்டி தெரியுங்களா? அந்தக் காலத்துல எங்க தோட்டத்துல ஆளுக்காரங்க நெறைய. பொம்பளைங்க போகணும்னா விடியறதுக்கு முன்னாடி ஊருக்கு வெளிய கரட்டுப் பக்கம் போயிட்டு வந்துரணும். அதை விட்டா பொழுது எறங்கித்தான். நடுவுல என்ன முட்டினாலும் சரி, களை வெட்டினாலும் சரி, பருத்தி எடுத்தாலும் சரி, எங்கம்மா அடக்கிக்கிட்டேதான் இருக்கும். தண்ணியே குடிக்காது பகல்ல. ஒரு ஆம்பளை கண்ணுல பட்டதில்லைங்க எங்கம்மா அந்த விசயத்துல. ஊர்ல சொல்லுவாங்க, தெய்வாத்தா மாதிரி பொம்பளை உண்டான்னு.

கக்கூசா? அது என் கல்யாணத்தப்பக் கட்டினோமுங்க. பொண்ணு வீட்டுல கேட்டுட்டாங்க, பட்டணத்துப் பொண்ணு, கட்டாம முடியுமா. அதுக்கு முன்னாடி எங்கம்மா வாயத் தொறந்து கேட்டதே இல்லைங்க. அப்படி ஒரு பொறுமை.

என்னம்மா? வந்துரும், வந்துரும். பல்லடம் தாண்டட்டும்.

அந்த பெட்ரோல் பங்குலயா? வேண்டாம் தம்பி, ஓட்டுங்க. பங்கு கக்கூஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? வாசல்லயே லாரிக்காரனுக லுங்கியத் தூக்கிக் கட்டிட்டு நிக்கறான். அவனுக மத்தியில எங்கம்மாவ எறக்கறதா? நல்ல எடமா வரட்டும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஹோமு. பொம்பளைங்க பக்கம் பத்துப் பதினஞ்சு பேரு படுத்திருக்காங்க. எல்லார் தலைமாட்டுலயும் ஒரு பெல்லு. பெல் அடிச்சா வரணுமா இல்லையா? வரமாட்டாங்க. எங்கம்மா அடிக்கும், அடிக்கும், வெரல் நோகற அளவு அடிக்கும். ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அப்பறம் அதுவும் என்னதான் பண்ணும்? நனைஞ்சு போகும். நனைஞ்சதுக்கப்பறம் இன்னொரு மணி நேரம் அதுலயே கெடக்கும். நான் போன் பண்ணிச் சத்தம் போட்டேன். 'அதான் டயப்பர் போட்டிருக்கோமே சார், பெல் அடிச்சா ஓடி வரணும்னு என்ன அவசரம்'னாங்க. பாத்தீங்களா பேச்சை? வர்றதுக்கு ஆளில்லைன்னு டயப்பரு. டயப்பர் இருக்குதுன்னு வர்றதில்லை. இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை தம்பி. பெத்த தாயை இப்படி ஈரத்துல போட்டு வைக்கறதுக்கு எப்படி மனசு வருதோ மனுசங்களுக்கு.

ஊட்டுல எப்படிப் பாத்தீங்கன்னு கேக்கறீங்களா? ஊட்டுல என் சம்சாரம் பாத்துச்சுங்க. ராணி மாதிரி பாத்துச்சு. மூணு மாசத்துல அதுக்கு முதுகு போயிருச்சு, டாக்டரு குனியவே கூடாதுன்னுட்டாரு. நானா? எனக்குக் கடை இருக்குதே. ஒரு தடவை சம்சாரம் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப நான் மட்டும் இருந்தேன். அம்மா கூப்பிட்டுச்சு. ஒடனே ஓடினேன் பாருங்க, செருப்புக் கூடப் போடலை, பக்கத்து ஊட்டு அம்மிணியக் கூட்டியார. அந்தம்மிணி குளிச்சுட்டு இருந்துச்சு. கூட்டிட்டு வர்றதுக்குள்ள கட்டிலெல்லாம் ஆயிருச்சு. என்ன பண்றது? நான் மகனுங்க. மகன் அந்தக் காரியம் எப்படிப் பண்றது? அது எங்கம்மாவுக்குத்தான் கேவலம்.

நீங்க பண்ணினீங்களா? உங்கம்மாவுக்கா? கழுவி விட்டுமா? அக்கா தங்கச்சி ஆரும் இல்லீங்களா உங்களுக்கு? அட. இல்லை, தப்புன்னு சொல்லலை தம்பி. ஒவ்வொரு ஊட்டுப் பழக்கம் ஒவ்வொண்ணு. எங்க ஊட்டுல வழக்கம் இல்லை.

இந்த ஏசியை எச்சா வைக்க முடியுங்களா? அம்மாவுக்கு வேர்த்து ஊத்துது. ஏம்மா, புழுக்கமா? ஏன் இப்படி வேர்க்குது? வாயத் தொறந்து சொல்லு. காலைப் பின்னிக்கிட்டு உக்காந்திருக்குது பாருங்க. பொங்கலூர் வந்துருச்சும்மா. பாதி தூரம் மாதிரிதான்.

அப்பறம் அந்த ஞாயித்துக்கிழமை வந்துச்சுங்க. அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு நான் ஏன் ஹோம் மாத்தறேன்னு புரியும். சொல்லாமப் போனேன் அன்னைக்கு. சம்சாரம் கச்சாயம் சுட்டுக் குடுத்துச்சு, அம்மாவுக்குப் புடிக்கும்னு. டப்பாவோட நேரா ரூமுக்குப் போறேன், எதுக்கால வர்றான் ஒருத்தன். மரியதாசுன்னு பேரு, திண்டுக்கல் பக்கம், ஆம்பளைங்க வார்டுல வேலை. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். ரெண்டு கையிலயும் எங்கம்மாவைத் தூக்கிட்டு வர்றான். கொழந்தையைத் தூக்கற மாதிரி. எங்கம்மா ரெண்டு கையும் அவன் கழுத்தைச் சுத்தி. சீலை முழங்கால் வரைக்கும் ஏறிக் கெடக்குது. கக்கூசுக்குப் போறாங்களாமா.

ஒரு அறை விட்டேன். கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சு போச்சு. அவன் என்ன பண்ணினான் தெரியுங்களா? அம்மாவை எறக்கவே இல்லை. ஆடக்கூட இல்லை. 'அம்மாவை உக்கார வெச்சுட்டு வந்தர்றேன் சார். அப்பறம் அடிங்க'ன்னான். சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போயிட்டான். என்ன திமிரு பாருங்க!

உள்ள உக்கார வெச்சுட்டுக் கதவை ஒருக்களிச்சு விட்டுட்டு, வெளிய முதுகைக் காட்டிட்டு நின்னான். அம்மா முடிச்சதும் கூப்பிட்டுச்சு, போனான், தூக்கிட்டு வந்து கட்டில்ல உக்கார வெச்சான், சீலையை இழுத்து விட்டான். அப்பறம் எம் முன்னாடி வந்து நின்னான், அடின்னு. எனக்குக் கை வரலை. சரி போன்னு பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன். எங்கம்மா என்ன பண்ணோணும்? வெக்கப்பட்டு மூஞ்சிய மூடிக்கோணுமா இல்லையா? அவன் கன்னத்தைத் தொட்டுப் பாத்து 'வலிக்குதா தாசு'ங்குது. பெத்த மகன் நான் கச்சாய டப்பாவோட நிக்கறேன்.

அப்பறம் என்னைப் பாத்துச் சொல்லுச்சு. 'அவன் வந்தாத்தான்டா நான் நனையாம இருக்கேன். பெல் அடிச்சா அவனுக்குத்தான் காது கேக்குது. மொத நாளு எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. நானேதான் கூப்பிட்டேன். ஈரத்துல கெடக்கறதை விடவா கூச்சம்?'னு. எங்கம்மாவா பேசறதுன்னு இருந்துச்சு. கரட்டுக்கு விடியறதுக்கு முன்னாடி போன எங்கம்மா!

மேனேஜரம்மாவைப் புடிச்சு உலுக்கிட்டேன். அந்தம்மா பதில் பேசறாங்க. 'நீங்கதானே சார் ஆம்பளை தொடக்கூடாதுன்னீங்க. பொம்பளைங்க பக்கத்துக்குப் பகல்ல சாந்தாமணி ஒருத்திதான். அம்மா பெல் அடிச்சா பக்கத்துல நிக்கறவங்களும் உங்க பேச்சுக்குப் பயந்து போறதில்லை. சாந்தாமணி வேற ரூமுல இருந்து வர்றதுக்குள்ள அம்மாவுக்கு ஆயிடுது. ஈரத்துல இருந்து இருந்து பின்னாடி புண்ணு வந்துருச்சு. அதான் அம்மா கேட்டப்ப மரியதாசை விட்டோம்'னாங்க. இதெல்லாம் ஒரு பதிலுங்களா? ஆளை எச்சாப் போட வக்கில்லை, பழியத் தூக்கி எந்தலையில வைக்கறாங்க.

காங்கேயம் வந்துருச்சா? பைபாஸ்ல போங்க தம்பி, ஊருக்குள்ள போக வேண்டாம். ஓட்டல் நல்லாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நிறுத்த முடியாது. என் மகளைக் காங்கேயத்துலதான் குடுத்திருக்குது. சம்பந்தி ஊட்டுல அம்மா என் தம்பியோட ஓசூர்ல இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப அந்த ஓட்டல் வாசல்ல இந்தக் கோலத்துல அம்மாவோட நான் நிக்க, அவங்க அரிசி மில்லு ஆளு ஒருத்தன் பாத்தான்னா? பெத்த தாயை ஹோமுல போட்டவன்னு காங்கேயம் பூரா பரவிரும். எம் பொண்ணு மொகத்துல எப்படி முழிக்கறது?

சும்மா இரும்மா! நானும் மனுசந்தானே. வெள்ளகோவில் வரட்டும்னு சொல்றேன்ல? கத்தினா ரோடு சுருங்குமா?

சாரிங்க தம்பி. சத்தம் போட்டுட்டேன். அம்மாவைச் சத்தம் போடணும்னு எனக்கென்ன ஆசையா.

நீங்க தூக்கி விடறீங்களா? வேண்டாம் தம்பி. நல்ல மனசுல சொல்றீங்க, எனக்குப் புரியுது. ஆனா இவ்வளவு நேரம் நான் என்னத்தைச் சொல்லிட்டு வர்றேன்? மரியதாசு தொட்டதுக்கு அறைஞ்சவன், டிரைவரைத் தொட விட்டேன்னா என்னை என்னன்னு சொல்லுவாங்க.

அவனையா? அனுப்பிட்டாங்க. அனுப்ப வெச்சேன். பொம்பளை ரூமுக்குள்ள ஆம்பளை போறான்னு போலீஸுல எழுதிக் குடுத்துருவேன்னேன், அடுத்த நாளே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. பையைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மாகிட்டச் சொல்லிக்க வந்தானாம். அம்மா அவன் கையப் புடிச்சுட்டு விடவே இல்லையாம், சாந்தாமணி சொல்லுச்சு. அன்னைல இருந்துதான் எங்கிட்டப் பேச்சை நிறுத்துச்சு. என்ன செஞ்சுட்டேன் நான்? எங்கம்மா மானத்தைக் காப்பாத்தினேன். அது தப்பா?

சரி, அவன் போயிட்டான். அதுக்கப்பறமாவது ஹோமுல பொறுப்பு வரணுமா இல்லையா? அதைக் கேளுங்க. இன்னும் மோசம்! முன்னயாவது எப்பவாச்சும் நனையும். அவன் போனதுக்கப்பறம் தெனம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஈரந்தான். புண்ணு பெருசாயிருச்சு. உள்ளங்கை அகலம் இருக்குதாம். நான் பாக்கலை, சாந்தாமணி சொன்னதுதான். நான் எப்படிப் பாக்கறது? டாக்டரு வந்து மருந்து வெச்சு, காத்துப் படட்டும், ஈரம் ஆகவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. ஈரம் ஆகக்கூடாதுன்னா ஆளு வரணும். ஆளு வரலை. ஒரு ஆளு வேலையை விட்டுப் போனா அந்த ஹோமு அப்படியே படுத்துருதுங்க. அந்த லட்சணத்துல நடத்தறாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், பூரா பொம்பளைங்களே வேலை பாக்கற எடமாப் பாக்கறதுன்னு. தேடித் தேடிக் கண்டுபுடிச்சேன். அங்க காவக்காரரைத் தவிர ஆம்பளை வாசமே கெடையாது. அம்மா சந்தோசப்படும்னு நெனைச்சேன். இன்னைக்குக் காலையில 'அங்க பெல் அடிச்சா வருவாங்களா'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அதைக் கேக்கலையேன்னு எனக்கே அப்பத்தான் தோணுச்சு. வருவாங்க, வராம?

வெள்ளகோவில் தாண்டிட்டீங்களா? எப்பத் தாண்டினீங்க? பேச்சு வாக்குல கவனிக்கலை. சரி, போறது போகட்டும், இன்னும் கொஞ்ச தூரம். அம்மா கம்முனு ஆயிருச்சு பாருங்க. தூங்கியிருக்கும்.

தூங்கலையா? கண்ணு தொறந்திருக்குதா? ஏனுங்க, உதட்டைக் கடிச்சிருக்குது. இங்க ரத்தம் மாதிரி தெரியுது. அம்மா! ஏம்மா, நனைஞ்சுட்டியா? நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போகட்டும், ரப்பர் சீட்டு இருக்குது. அடக்காதே. விட்டுரும்மா. எங்கிட்டத் தலைய ஆட்டறதைப் பாருங்க. மாட்டேங்குது. நனையமாட்டேங்குது. இவ்வளவு நேரமா அடக்கிட்டு இருக்குதுங்க எங்கம்மா. முகம் பூரா வெளுத்துப் போச்சு. எனக்குப் பயமா இருக்குது தம்பி. இப்படி அடக்கினா ஏதாச்சும் ஆயிருமா?

ஏனுங்க நிறுத்தறீங்க? இது தென்னிலைங்க, இங்க என்ன இருக்குது? நான் நிறுத்தச் சொல்லலையே. தம்பி! எங்க எறங்கிப் போறீங்க? நான் பேசிட்டே இருக்கேன், அவரு பாட்டுக்குப் போறாரு பாருங்க.

ஆருங்க இந்தம்மா? மெஸ்ஸுக்காரம்மாவா? வணக்கமுங்க. எங்கம்மாங்க, இடுப்பு ஆபரேசன். பாத்துங்க, பாத்துங்க. கக்கூஸ் பின்னாடியா? சுத்தமா இருக்குதா? சரி, அதையெல்லாம் இப்பக் கேக்கக்கூடாதுதான். அம்மா, மெதுவா. இந்தம்மா தோளைப் புடிச்சுக்கோ. என் கையைப் புடி. வேண்டாங்குது. என் கையை உதறிட்டு அந்தம்மா தோளைப் புடிச்சுக்கிச்சு பாத்தீங்களா? சரி, எங்கயோ புடிச்சாச் சரி. நான் செருப்பை எடுத்துட்டு வர்றேன், பையையும் எடுத்துக்கறேன்.

நனையலை தம்பி! சீட்டுக் காஞ்சு கெடக்குது, தொட்டுப் பாத்தேன். எங்கம்மா கெட்டிங்க. நான் சொன்னேன்ல?

உள்ள போயிட்டாங்களா? அப்பாடி. நீங்க நிறுத்தினது நல்லதுதான். நானே சொல்லியிருப்பேன், கரூர் தாண்டி நிறுத்தலாம்னு இருந்தேன். இங்கயே நிப்போம், வாசப்படிக்கு இந்தப் பக்கமே.

என்னங்கறாங்க மெஸ்ஸுக்காரம்மா? கீழ்க்கோப்பையா? குந்திப் போறதா? ஐயோ, அதுல எப்படிங்க உக்காரும்? இடுப்பு மடங்காதே. நின்னமாதிரியேதான் போகோணும், ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சாத்தான் முடியும். இன்னொரு ஆளு வேணுமா? ஏனுங்க, கடையில வேற பொம்பளை ஆளு இல்லீங்களா? பாத்திரம் வெளக்கற அம்மா? இன்னைக்கு வரலையா? பக்கத்துல ஊடு எதுவும்? ரோடு தாண்டியா? அதுவரைக்கும் தாங்காதே.

என்னை ஏன் பாக்கறீங்க தம்பி? நானா? என் கையில செருப்பு இருக்குது, பை இருக்குது. கீழ வெக்கலாம், வெக்க முடியாதுன்னு சொல்லலை. நான் மகனுங்க. எங்கம்மாவை அந்தக் கோலத்துல நான் பாத்ததில்லை. ஒரு தடவை கூட. வெக்கமா, பயமான்னு எனக்கே தெரியலை. நான் உள்ள போனா அதுக்கு ஒண்ணுக்குப் போகுமா? அடக்கிக்கும். என்னைப் பாத்தா அடக்கிக்கும், எனக்குத் தெரியும்.

இருங்க. அம்மா கூப்பிடுது. உள்ள இருந்து கூப்பிடுது.

சென்னின்னு கூப்பிடலை. டிரைவரு தம்பிங்குது. கேட்டுச்சுங்களா? நான் இங்கயேதான் நிக்கறேன், வாசப்படியில. என் கொரலு அதுக்குக் கேக்குது. நான் நிக்கறது தெரியும். தெரிஞ்சேதான் உங்களைக் கூப்பிடுது.

போங்க தம்பி. நாந்தான் சொல்றேன், போங்க. செருப்பைக் கழட்டாதீங்க, அப்படியே போங்க, இனி அதுக்குத் தாங்காது. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் புடிக்காதீங்க. நல்லாப் பாத்துப் புடிங்க. தரையெல்லாம் தண்ணியாக் கெடக்குது, வழுக்கிரும்.